இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

என் ஓரகத்தி எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான் என்பதுதான் கொடுமை.

மாமியார்தான் கேட்டார். "உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்மா. சின்னவளும் உன்னை மாதிரிதானே படிச்சிருக்கா?" சின்னவள் என்றால் என் கொழுந்தனின் மனைவி. நான் பெரியவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேரின் சொந்தப் பெயர்களும் அந்தக் குடும்பத்தில் யார் வாயிலும் வருவதில்லை. மாமியார் என்னோடு இருக்கிறார். சின்னவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நல்ல மருமகள் என்று பெயர் வாங்கும் ஆசையில் நானும் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன். நேர்காணலுக்குப் போனவளை அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். நான் மூன்று முறை போன பிறகுதான் என்னை எடுத்தார்கள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது. நாங்கள் எழுதுவது சர்வர் மென்பொருள், சி மொழியில். யாரோ எங்கோ ஒரு பொத்தானை அழுத்துகிறார். அந்த வேண்டுகோள் எங்கள் சர்வருக்கு வருகிறது. வந்ததும் அதற்கென்று ஒரு தொட்டி நினைவகத்தை ஒதுக்குவோம். தொட்டி என்பது எங்கள் குழு வைத்த பெயர். ஆங்கிலத்தில் நீச்சல் குளத்துக்குச் சொல்லும் அதே வார்த்தைதான் இதற்கும், அதைத் தமிழ் வாயால் சத்தமாகச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் தொட்டி. வேலை நடக்கும்போது வேண்டிய இடத்தையெல்லாம் அதிலிருந்து மொண்டுகொள்ளலாம். வேலை முடிந்ததும் எதையும் தனித்தனியாகத் திருப்பித் தர வேண்டாம். தொட்டியையே மொத்தமாகக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேண்டுகோளுக்கு அதையே கொடுத்துவிடலாம்.

மொள்வதற்கு மூன்று ஃபங்ஷன்கள், அதாவது தயார்க் கட்டளைகள், உண்டு. ஒன்று, சும்மா மொள்வது. கேட்ட அளவு இடத்தை அப்படியே கொடுக்கும். அதில் முந்தைய ஆள் விட்டுப்போன மிச்சம் இருந்தால் அதுவும் கூடவே வரும். இரண்டாவது, கழுவி மொள்வது. கொடுக்கும் இடம் முழுக்கப் பூஜ்யம் போட்டுத் துடைத்துக் கொடுக்கும். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். மூன்றாவது, எழுத்துகளுக்கு மட்டும். வரிசை ஒழுங்கெல்லாம் பார்க்காமல் கிடைத்த மூலையில் நெருக்கி வைத்துவிடும். எந்த இடத்தில் எதைக் கூப்பிடுவது என்பதுதான் எங்கள் தினசரித் தலைவலி. தவறாகத் தேர்ந்தெடுத்தால் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து.

ஏழு வருடமாக அந்தத் தலைவலிக்கு மருந்து நான். "இங்க எதைப் போடட்டும்?" என்று மூன்றாவது மாடியில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்குத்தான் வருவார்கள். தொட்டிக்காரி என்று பட்டப்பெயரே உண்டு. வெளியே முறைத்தாலும் உள்ளே எனக்கு உச்சி குளிரும். வெள்ளைப் பலகையில் பச்சை மையில் நான் எழுதிய விதியை ஆறு வருடமாக யாரும் அழிக்கவில்லை: 'சந்தேகம் வந்தால் கழுவு.' நினைவகம் சம்பந்தப்பட்ட எந்த மாற்றமும் என் சம்மதம் இல்லாமல் உள்ளே போகாது. சம்மதம் என்பது திரையில் ஒரு பச்சை டிக்தான். கையெழுத்து என்று சொல்வோம்.

சின்னவள் வந்த ஐந்தாவது மாதம், ஒருவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசையைத் தாண்டி அவள் மேசைக்குப் போனார். "நீங்க பிஸியா இருப்பீங்கன்னு" என்று என்னைப் பார்த்து இளித்துவிட்டு வேறு போனார். நான் அப்போது நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் எண்ண ஆரம்பித்தேன். திங்கள் இரண்டு பேர், செவ்வாய் ஒருவர், புதன் மூன்று பேர். அவள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொல்வாள். நான் பதில் சொல்வதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவேன் என்று பின்னால்தான் தெரிந்தது. என் மகளே சொன்னாள்.

மகள் விஷயம் தனி. எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்து சித்தி வீட்டுக்குப் போகிறாள். "ஏன்டி, நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன்ல?" என்றால், "நீ சொல்லிக் குடுத்தா பயமா இருக்கும்மா. சித்தி சொன்னா புரியுது" என்கிறாள். பெற்று வளர்த்தவளிடம் முகத்துக்கு நேரே சொல்கிற பேச்சா இது? அவள் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு சத்தமும் காட்டவில்லை. சிரித்திருப்பார்.

மாமியார் பங்குக்கு அவரும். "சின்னவ ஆபீஸ்லேந்து வந்தும் எப்படித் துறுதுறுன்னு இருக்கா பாரேன். நீ வந்தா வீடே அமைதியாயிடுது." அவர் அதை என் மேல் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். எனக்குப் பரிதாபம் வேண்டாம். எனக்கு வேண்டியது மூன்றாவது மாடியில் இருந்தது.

மையக் குழுவின் தலைவர் வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போகப் போகிறார். அந்த இடத்துக்கு ஒருவர் வேண்டும். சர்வரின் அடிவயிறு அந்தக் குழுவின் கையில்தான் இருக்கிறது. அதற்குத் தலைமை என்றால் மென்பொருளில் ஒரு வரிகூட அந்த ஆளைக் கேட்காமல் அசையாது. ஏழு வருடமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி. மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். "ரெண்டு பேர் மனசுல இருக்காங்க" என்றார். ஒன்று நான் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று யார் என்பதும் அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்துவிட்டது.

பரிசோதனைக் கூடம் ஒன்று எங்கள் சர்வரை வாங்கியிருந்தது. ஊர் முழுக்கக் கிளைகள் உள்ள இடம். இரத்தம், சிறுநீர் என்று தினமும் ஆயிரக்கணக்கான முடிவுகள் எங்கள் சர்வர் வழியாகத்தான் முகப்புக்குப் போய் அச்சாகும். சர்வர் மெதுவாக இருக்கிறது, வரிசை வாசல் வரை நிற்கிறது என்று புகார் வந்தது. பத்து நாள் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சின்னவள் எழுந்து சுவர்த்திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள்.

"சர்வரோட நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு கழுவறதுக்கே போகுது சார். பெரிய பெரிய இடத்தைக் கழுவி வாங்கறோம், அடுத்த வரியிலேயே அது முழுக்க நாமளே எழுதி நிரப்பிடறோம். கழுவினது வீண். நாப்பத்தோரு இடத்துல மாத்திப் பாத்தேன். சில இடத்துல சும்மா மொண்டா போதும், சில இடத்துல எழுத்து ஃபங்ஷன் போதும்."

"எவ்வளவு வேகம் கூடுச்சு?" என்று கேட்டார் மேலாளர்.

"வரிசை வாசல் வரைக்கும் வராது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள், நானும்தான். தட்டும்போது என் கண் வெள்ளைப் பலகைக்குப் போனது. 'சந்தேகம் வந்தால் கழுவு.' இத்தனை நாள் சர்வரை மெதுவாக்கியது என் விதிதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை, சண்டையாவது போட்டிருக்கலாம். கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "அக்கா, நாளைக்கு அனுப்பறேன், நீங்க ஒருவாட்டி நல்லாப் பாத்துடுங்க. உங்க கையெழுத்து இல்லாம எனக்குத் தைரியமில்ல" என்றாள். மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் புது மென்பொருளை ஏற்றிவிடலாம் என்று நாளும் குறித்தார்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் அவள் எழுதியது என் திரைக்கு வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். தப்பு தேடித்தான் பார்த்தேன், பொய் எதற்கு? ஒன்று, இரண்டு, பத்து, இருபது. எல்லாம் சரி. சரியென்று மட்டும் சொன்னால் போதாது. நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் இந்த ஃபங்ஷன் என்று ஒரு வரிக் குறிப்பு வேறு. இருபத்தைந்து, முப்பது. என் பசியே போய்விட்டது.

முப்பத்து நான்காவது இடம் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது. அங்கே என் கை நின்றது.

நோயாளி ஒருவரின் முடிவை வைக்கும் கட்டமைப்பு அது. ஒன்பது கட்டம் உள்ள படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான இடத்தைச் சும்மா மொண்டிருந்தாள். எட்டுக் கட்டங்களை உடனே நிரப்பியிருந்தாள். ஒன்பதாவது, மருத்துவரின் குறிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் கட்டம். மருத்துவர் குறிப்பு எழுதியிருந்தால் மட்டும் அது நிரம்பும். எழுதாவிட்டால் காலி. கழுவி வாங்கிய இடமாக இருந்தால் காலி என்றால் பூஜ்யம். குறிப்பு இல்லை என்று சர்வர் விட்டுவிடும். சும்மா வாங்கிய இடத்தில் காலி என்பதே கிடையாது. அதே தொட்டியை முன்பு பயன்படுத்திய நோயாளியின் குறிப்பு எங்கே கிடந்ததோ, அதையே அந்தக் கட்டம் காட்டிக்கொண்டிருக்கும். ஒருவருடைய முடிவுத் தாளில் இன்னொருவருடைய குறிப்பு அச்சாகும்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வெட்கக்கேடுதான், ஆனாலும் வந்தது. உடனே அந்த வரிக்கு நேரே குறிப்புப் பெட்டியைத் திறந்து, 'இங்கே கழுவி மொள்ள வேண்டும். ஒன்பதாவது கட்டம் நிரம்பவில்லை' என்று தட்டினேன்.

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் இருந்தபோதுதான் யோசனை வந்தது. இதை அனுப்பினால் என்ன ஆகும்? அவள், "ஐயோ, ஆமாக்கா, தேங்க்ஸ்" என்று ஒரு வார்த்தையை மாற்றுவாள். ஒரு நிமிட வேலை. நாற்பத்தோரு இடமும் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை மறுபடி கை தட்டுவார்கள். நாற்காலி அவளுக்கு. அந்த நாற்காலியை நானே துடைத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

எழுதியதை அழித்தேன். திரும்ப எழுதினேன். திரும்பவும் அழித்தேன். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் சேறு பூசும் சோதனை என்று ஒன்று உண்டு. தொட்டி முழுக்க வேண்டுமென்றே குப்பையை நிரப்பிவிட்டுப் பிறகு சர்வரை ஓட்டிப் பார்ப்பார். கழுவாத இடம் எது இருந்தாலும் பல்லைக் காட்டிவிடும். அதில் இவள் மாட்டுவாள். அலுவலகத்துக்குள்ளேயே மாட்டுவாள், வெளியே யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கை தட்டியவர்கள் ஒருமுறை உச்சுக்கொட்டினால் எனக்குப் போதும்.

பச்சை டிக்கை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வியாழக்கிழமை காலை டெஸ்டர் என் மேசைக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனிதர். "உங்க ஓரகத்தி வேலையில உங்க கையெழுத்து விழுந்துடுச்சு போல? அப்ப வழக்கம்போலச் சேறு சோதனைய விட்டுடறேன். அது அரை நாள் ஓடும், நாளைக்குப் பதினொரு மணிக்கு ஏத்தணும்."

வழக்கம்போல. அந்த வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். நினைவக மாற்றத்தில் என் டிக் இருந்தால் சேறு சோதனை வேண்டாம் என்பது ஐந்து வருடமாக எங்கள் மாடியில் நடப்பது. ஒரு காலத்தில் அதை எனக்குக் கொடுத்த மரியாதை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

"சாதாரண சோதனை ஓட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"ஓட்டியாச்சு, எல்லாம் பச்சை." ஆகத்தான் செய்யும். சோதனை எந்திரத்தில் ஒவ்வொரு முறையும் புத்தம் புதுத் தொட்டி. புதுத் தொட்டி பிறக்கும்போதே பூஜ்யமாகத்தான் பிறக்கும். அழுக்கு, பழைய தொட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான். அவர் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார். "என்ன, விட்டுடவா?"

வேண்டாம், ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நானே கையெழுத்துப் போட்டுவிட்டு நானே சந்தேகப்பட்டால், "ஏன்?" என்று கேட்பாரே. "உங்க இஷ்டம்" என்றேன். அவர் இஷ்டம் என்ன என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல என் காரில்தான் சின்னவளும் வந்தாள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "உங்க டிக் விழுந்ததும்தான்க்கா எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள். "ராத்திரி அவர்கிட்டகூடச் சொன்னேன், அக்கா பாத்துட்டாங்க, இனிமே கவலை இல்லன்னு."

என் கொழுந்தன் அவளுக்குத் தினமும் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறான். அந்த நேரத்தில் எனக்கு அது ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. நாக்கு நுனி வரை வந்த சங்கதி அந்த இஸ்திரிச் சட்டையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "ம்" என்றேன். அவளை அவள் வாசலில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது கார்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஏற்றினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மேலாளருக்குத் தொலைபேசி: வேகம் பிரமாதம். ஒன்றும் ஆகாது என்று நினைக்கும்போதெல்லாம் நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எது கூட என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்றேகாலுக்கு இரண்டாவது தொலைபேசி.

முகப்பில் ஒரு பெரியவர் தன் சர்க்கரை அளவைப் பார்க்க முடிவுத் தாளை வாங்கியிருக்கிறார். அடியில், 'டோக்கன் நாற்பத்திரண்டு. கர்ப்பம் ஒன்பதாவது வாரம். சென்ற முறைபோல் ஆகாமலிருக்க முழு ஓய்வு தேவை' என்று அச்சாகியிருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். நாற்பத்திரண்டாம் டோக்கன்காரப் பெண் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். சென்ற முறை என்று ஒன்று நடந்ததே அந்த மாமியாருக்குத் தெரியாது. அந்தப் பெண் எழுந்து வெளியே போனவள் தன் முடிவை வாங்கக்கூடத் திரும்பி வரவில்லையாம்.

பத்து நிமிடத்தில் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினார்கள். இரண்டு மணிக்குக் கண்ணாடி அறையில் கூட்டம். சுவர்த்திரையில் கோளாறு கண்ட இடத்தைச் சிவப்பில் காட்டியிருந்தார்கள். வரி எண் இருநூற்றுப் பன்னிரண்டு. நான் அதைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தேன்.

சின்னவள் யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "என் தப்புதான் சார். ஒன்பதாவது கட்டத்தை விட்டுட்டேன். அந்த இடத்துல கழுவித்தான் மொண்டிருக்கணும். அந்தப் பொண்ணுகிட்ட..."

டெஸ்டர் தொண்டையைச் செருமினார். "சேறு சோதனை ஓட்டியிருந்தா மாட்டியிருக்கும். தொட்டிக்காரம்மா கையெழுத்து இருந்துச்சு, அதான் ஓட்டல."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாக்கலையா?"

என்னிடம் இரண்டே பதில்கள் இருந்தன. பார்த்தேன் என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால், ஏழு வருடமாக வாங்கிய பெயர் போகும். இரண்டில் எது மலிவு என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன்.

"கவனிக்கல சார்" என்றேன்.

"இதைக்கூடவா?" அவருக்குக் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. "இதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்? உங்க கண்ணுல இது படலைன்னா, அந்த நாற்காலிக்கு உங்களை எப்படி நினைக்கறது, சொல்லுங்க."

"அப்படிச் சொல்லாதீங்க சார்!"

சின்னவள்தான். உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்துவிட்டாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"கவனிக்கலைன்னு அக்கா சொல்றது என்னைக் காப்பாத்தறதுக்கு சார். பாதிப் பழியத் தன் மேல போட்டுக்கறாங்க. அவங்க கண்ணுல படாம ஒண்ணுகூடத் தப்பாது, உங்க எல்லாருக்கும் தெரியும். மத்த வரியெல்லாம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் பாத்தாங்க. இந்த இருநூத்திப் பன்னிரண்டாவது வரியில மட்டும் பதினோரு நிமிஷம் நின்னாங்க. எழுதினவங்க ஸ்கிரீன்ல அதெல்லாம் தெரியும் சார், யார் எந்த வரியில இருக்காங்கன்னு. ஏதோ எழுதறாங்கன்னு புள்ளி புள்ளியா வந்துச்சு, அப்புறம் அழிச்சாங்க. திரும்ப எழுதினாங்க, திரும்ப அழிச்சாங்க. அக்கா என்ன சொல்லப் போறாங்கன்னு நான் சாப்பிடக்கூடப் போகாம பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில டிக் வந்துச்சு. அவ்வளவு நேரம் யோசிச்சு அக்காவே சரின்னு விட்டாங்கன்னா..."

எழுதினவர் திரையில் அப்படியெல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இந்த மறுபார்வைக் கருவி வந்து ஒரு வருடமாகிறது. நான் எழுதியதை இன்னொருவர் பார்வைக்கு அனுப்பி இரண்டு வருடமாகிறது.

டெஸ்டர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னைப் பார்த்தார். மேலாளர் சுவர்த்திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அறையில் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டே வந்தார்கள். சின்னவளுக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா எழுதினீங்க, ரெண்டு வாட்டி?"

"கழுவி மொள்ளணும்னு" என்றேன்.

"அப்ப ஏன் அனுப்பல?"

மறைக்க இனி ஒன்றும் இல்லை. எட்டு மாதமாக உள்ளே கிடந்த வார்த்தை தானாக வெளியே வந்தது. "பொறாமை" என்றேன். "உன் மேல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், இதை வீட்டில் சொல்வாள் என்றும் நினைத்தேன். அதற்கெல்லாம் ஓரளவு தயாராகத்தான் இருந்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. நான் ஏதோ தெரியாத மொழியில் பேசிவிட்ட மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் மேலயா?" என்று கேட்டாள். உண்மையாகவே அவளுக்கு நம்ப முடியவில்லை. "என்கிட்ட என்னக்கா இருக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பட்டியல் ஒன்று தயாராக இருந்தது. இஸ்திரிச் சட்டை, என் மகளின் கணக்குப் புத்தகம், உருண்டு போன நாற்காலிகள் என்று தேதி வாரியாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனை பேருக்கும் நடுவில், அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்க, அதில் ஒன்றைக்கூட என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.